ஒன்றுகூட விழவில்லை

கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுப்பதும் மறுபடி உள்ளே போடுவதுமாக இது நாலாவது தடவை. மணி எட்டே முக்கால். ரயிலை விட்டு இறங்கி நேராக இங்கேதான் வருகிறேன் என்று பெனிட்டா சொல்லியிருக்கிறாள், எப்படியும் ஒன்பதரைக்கு வந்துவிடுவாள். அதற்குள் ஒரு முந்நூறு நூலை, வேண்டாம், முந்நூறு அதிகம், ஒரு இருநூறு நூலைக் கத்தரித்துவிட்டால் இருநூறு நட்டும் கீழே இருக்கிற தகரத் தட்டுகளில் விழுந்துவிடும், அந்தப் பெண் பார்த்துச் சந்தோஷப்படுவாள், பட்டீஸ்வரியின் வண்டவாளமும் வெளியே வராது. என்ன, பத்து நிமிஷ வேலை. கீரைத்தண்டு நறுக்குகிற மாதிரி நறுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கை போகமாட்டேன் என்கிறது. பத்தொன்பது வருஷமாக மூடிக்கிடந்த மில்லின் பெரிய ஷெட் அது. மேலே இரும்பு உத்தரங்களிலிருந்து ஆயிரத்து இருநூறு வெள்ளை நூல்கள், பெய்துகொண்டிருந்த மழை அப்படியே நின்றுபோன மாதிரி தொங்குகின்றன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் நெஞ்சு உயரத்தில் துருப்பிடித்த ஒரு நட்டு, மில்லின் காயலான் குவியலிலேயே பொறுக்கியது. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு தட்டு. பெனிட்டா செய்து வைத்திருக்கிற கலை இதுதான். இதைக் காவல் காப்பதுதான் பட்டீஸ்வரியின் வேலை. அவள் ஐந்தாவது தடவையாகக் கத்தரிக்கோலை எடுத்து, முதல் வரிசையில் முதல் நூலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, வயதைக் கூட்டிச் சொல்லி இதே மில்லில் சேர்ந்தவள் அவள். சின்னச் சின்ன பாபின்களிலிருந்து பெரிய கோனுக்கு நூல் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. அறுந்த நூல் ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக ஓடும், இல்லாவிட்டால் மேஸ்திரியின் விசில் ஓடிவரும். பதினேழு வருஷம் முடிச்சுப் போட்ட கையிடம் போய், நல்லா இருக்கிற நூலை வெட்டு என்றால் அது என்ன செய்யும், பாவம். கத்தரிக்கோல் ஐந்தாவது தடவையாகப் பைக்குள் போனது.

எல்லாம் நேற்று வந்த அந்தக் காலேஜ் டீச்சரால் வந்தது. அவர் வராமலே இருந்திருந்தால் இந்நேரம் பட்டீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகத் தட்டுவடை தின்றுகொண்டிருப்பாள், பெனிட்டா வந்ததும் பெருமையாக எழுந்து நின்று பாருங்க கண்ணு, கொடுத்தது கொடுத்த மாதிரி இருக்குது என்று சொல்லியிருப்பாள். சொல்லி, மானம் போயிருக்கும். அதனால் அவர் வந்தது நல்லதுதான். நல்லதா? தெரியாமல் மாட்டிக்கொள்வது நல்லதா, தெரிந்து மாட்டிக்கொள்வது நல்லதா? இருபது பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த டீச்சர், வாசலில் இருக்கிற பலகையைப் படித்துவிட்டு அவர்களிடம், இந்த நூல்கள் அறுபது நாளில் ஒவ்வொன்றாக அறுந்து விழ வேண்டும், நுனியை உப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள், துரு நூலைத் தின்னும், நட்டு விழும், விழுகிற சத்தம்தான் இந்தக் கலையே, கடைசி நாள் மேலே ஒன்றும் இருக்காது, அதோடு இந்தக் கட்டடமும் இருக்காது, அடுக்குமாடி வரப்போகிறது என்று விளக்கினார். விளக்கிவிட்டுத் திரும்பி, "ஏனுங்கம்மா, நாப்பது நாள் ஆயிப்போச்சே, ஒண்ணுகூட விழக்காணமே?" என்று கேட்டார். பட்டீஸ்வரி துடைப்பத்தை எடுத்துப் பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள். அந்தப் பலகையை அவளும் படிக்கப் பார்த்தவள்தான். தமிழில்தான் எழுதியிருந்தது. இருப்பின் நிலையின்மையை உலோகத்தின் வழியே என்று ஆரம்பித்தது, இரண்டாவது வரியில் தலை சுற்றியது, விட்டுவிட்டாள். நட்டு விழும் என்று இரண்டு சொல்லில் எழுதி வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகும்? நூல்களைத் தொடாதீங்க, யாரையும் தொடவும் விடாதீங்க என்று சாவியைக் கொடுக்கும்போது பெனிட்டா சொன்னது உண்மை. ஆனால் விழுவதற்காகத்தான் கட்டியிருக்கிறோம் என்று எந்த ஊரில் யார் சொல்லாமலே ஒருத்திக்கு விளங்கும்?

மூன்றாம் நாள் காலையில் வந்து பூட்டைத் திறந்தால் நாலு நட்டு தட்டில் கிடந்தது. பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போச்சு, நம்மிடம் கொடுத்து மூன்று நாள் ஆகவில்லை, பூனை கீனை புகுந்துவிட்டதா, சரியாகப் பூட்டவில்லையா, பெனிட்டா அப்போதுதான் அடுத்த வேலையைப் பார்க்க நாகர்கோவிலுக்குக் கிளம்பிப் போயிருந்தாள், கூப்பிட்டுச் சொன்னால் நீங்க சரிப்படமாட்டீங்க, வேறு ஆளை வைக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். பெஞ்சுக்கு அடியில் மிச்சம் வைத்துவிட்டுப் போன ஒரு கோன் நூல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. இரண்டு சாண் நூலை அறுத்து, தொங்குகிற நுனியோடு ஒரு வைண்டிங் முடிச்சு, கடுகில் பாதி அளவு, மிச்சத்தைப் பல்லால் கடித்து எறிந்து, நட்டைத் திரும்பக் கட்டி, விரலால் ஒரு தட்டு. ஆடி நின்றது. பத்தொன்பது வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை! அன்று முழுக்க அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் ஒன்பது. ராத்திரிப் பனியில்தான் அதிகம் விழுகின்றன, பகலில் வெயிலுக்கு எப்போதாவது ஒன்று என்று ஒரு வாரத்தில் கண்டுகொண்டாள். பகலில் ஆள் இருக்கும்போது விழுந்துவிட்டால், "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க, நீங்க பாருங்க" என்று ஓடிப்போய் எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். பார்க்க வந்தவர்கள் அதுவும் ஒரு அங்கம் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். பத்து மணிக்குத்தான் திறக்க வேண்டும், அவள் எட்டு மணிக்கே வந்துவிடுவாள். இன்றைக்கும் கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு வந்தும், ராத்திரி விழுந்ததையெல்லாம் கை தானாகக் கட்டி முடித்துவிட்டது. பேக்கரியில் டீ மாஸ்டராக இருக்கிற அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன், "நட்டு தொங்கறதப் பாக்கறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளு நேரத்துல போகோணும்னு எனக்கு ஆறு மணிக்கே சோறு" என்று புலம்பினார். அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பாய்லர் பக்கத்தில் நின்று ஊருக்கே சொல்லிவிடுவார்.

அப்புறம் அந்த ஃபோன். அதை நினைத்தால்தான் இப்போதும் காது சுடுகிறது. பதினைந்து நாளைக்கு முன்னால் பெனிட்டா கூப்பிட்டு, "எக்கா, எத்தன விழுந்திருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் ஒரு ஆசை இருந்தது, இப்போது தெரிகிறது, அப்போது பட்டீஸ்வரிக்கு அது பயமாகக் கேட்டது. அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணுகூட விழல கண்ணு! நான் இருக்கறப்ப உங்களுக்கு என்ன கவலை? நிம்மதியா இருங்க" என்று சொன்னாள். லைன் போய்விட்டது போல என்று நினைத்து ஹலோ ஹலோ என்று நாலு தடவை கத்தினாள். "செரிக்கா" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாளே! வேண்டிக்கொண்டது ஒரு பக்கம் இருக்கட்டும், இப்போது வெட்டுவதா வேண்டாமா? புறா ஞாபகம் வந்தது. ஷெட்டின் உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்து நூல்களுக்கு நடுவே சடசடவென்று பறந்து அட்டகாசம் செய்த புறாக்களை நாற்பது நாளாகத் துடைப்பத்தை ஆட்டி ஆட்டி விரட்டியிருக்கிறாள். இப்போது வந்து ஒரு சுற்றுச் சுற்றினால் ஐம்பது நூலாவது போகும், கை படாத பாவம். தட்டுவடையை நொறுக்கி நடுத் தரையில் தூவிவிட்டு, பா, பா என்று கூப்பிட்டாள். ஜன்னலில் இரண்டு உட்கார்ந்திருந்தன. கழுத்தைச் சாய்த்து அவளையும் மூலையில் இருந்த துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தன. வரவில்லை. நாற்பது நாள் படித்த பாடத்தை ஒரு தட்டுவடைக்காக மறக்குமா? மூக்கில் இடித்த தகர வாசனையும் தட்டுவடையின் பூண்டு வாசனையுமாக அவள் நடு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் பேபி வந்து நின்றாள்.

பேபி இதே மில்லின் பழைய சாயத் தொட்டிக்குள், இன்னொருவர் கலையாகக் கட்டியிருக்கிற பெரிய ஊஞ்சலுக்குக் காவல். அந்தக் காலத்தில் பட்டீஸ்வரிக்கு அடுத்த மிஷினில் நின்றவள்.

"ஏனக்கா, புறாவுக்கு விருந்தா? நேத்து வரைக்கும் அதுகளுக்குச் சாபம் உட்டுட்டிருந்தீங்க?"

"பேசாம போடி. கண்ணு மண்ணு தெரியாத கொழப்பத்துல இருக்கறேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடும் போல இருந்தது, கொட்டிவிட்டாள். பேபி முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து சிரித்தாள். "அக்கா, ஊரே அறுந்து விழட்டும்னு கட்டி வெச்சிருக்குது, நீங்க டூட்டி பாத்திருக்கீங்க! ஓவர்டைமு வேற!" என்றாள். அப்புறம், "ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க முடிச்சு யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது? அந்தக் கழுகுக்கண்ணு மேஸ்திரிக்கே தெரியாது. வாய மூடிட்டு இருந்தா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலைத் துடைக்கப் போய்விட்டாள்.

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அது நல்ல யோசனைதான். பட்டீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலை போனால் என்ன, இன்னும் பத்தொன்பது நாள்தானே, எப்படியும் முடியப்போகிற வேலை. ஆனால் சாவியைத் திரும்பக் கேட்டுவிடுவாளோ என்று நினைத்ததும் கை தானாக இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. மில்லை நினைத்து அவளுக்கு ஒரு நாளும் அழுகை வந்ததில்லை. பழைய ஆட்கள் சிலர் இப்போது பார்க்க வந்து, தூணைத் தொட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மில் மூடின நாளைப் பற்றி அவளுக்கு ஞாபகம் வருவதெல்லாம், காதுக்குள் பதினேழு வருஷமாக ஓடின மிஷின் நின்று வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தியது தனியாகக் கேட்டதுதான். அப்பாடா என்று இருந்தது. மூக்கில் பஞ்சு, தலையில் பஞ்சு, சாப்பாட்டில் பஞ்சு, ஒண்ணுக்குப் போகக்கூட டோக்கன். அப்புறம் இந்த இடம் முள்ளுச்செடியும் பாட்டிலும் பாம்புமாகக் கிடந்தது, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நடக்கக்கூடப் பெண்கள் பயந்தார்கள். இரண்டு மாதத்துக்கு இடத்தைத் தருகிறோம் என்று முதலாளி வீட்டுப் பேரப்பிள்ளைகள் கையெழுத்துப் போட்டதும் பெனிட்டா மாதிரிக் கலைப் பிள்ளைகள் வந்து முள்ளை வெட்டி, புகைக்கூண்டுக்குப் பச்சையும் மஞ்சளும் அடித்து, லாரி நிற்கிற இடத்தில் சூரியகாந்தி போட்டு, பஞ்சுக் குடோன் சுவரில் ஆள் உயரத்துக்கு யானை எழுதி, இப்போது சாயங்காலம் ஆனால் குல்ஃபி வண்டி இரண்டு வருகிறது, மாமியார்கள் சாயத் தொட்டியில் ஊஞ்சல் ஆடுகிறார்கள். சூரியகாந்தி காய்ந்துவிடும், பெயின்ட் இடிந்துவிடும், எல்லாம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் ஆடுகிறார்கள். அவளுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? அடுத்தவர் சூரியகாந்தி போனால் போகட்டும் என்று இருந்தது, தன்னிடம் ஒப்படைத்தது மட்டும் போகக்கூடாது. இப்படித்தான் சென்னியப்பனின் கிழிந்த பனியன்களையும் தைத்துத் தைத்து வைக்கிறாள், அவர் புதிது வாங்கிக் கொடு தாயே என்று கும்பிடுகிறார். இதே யோசனையில் அவள் கை பக்கத்தில் தொங்கிய ஒரு நூலைப் பிடித்து, பிசிர் வந்திருக்கிறதா என்று மேலும் கீழும் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தது. சீ, என்று கையைத் தட்டிவிட்டாள். அப்போது ஆட்டோ சத்தம் கேட்டது.

பெனிட்டா முதுகுப் பையோடு உள்ளே வந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. "எக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக நூல்களுக்குள் போனாள். ஒரு வரிசை நடந்தாள். இரண்டாவது வரிசை. காலித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பட்டீஸ்வரி பெஞ்சிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, எழுந்தாள். பேபி சொன்னது சரி. பெனிட்டா ஒரு முடிச்சுக்கு முன்னால், அரை முழத் தூரத்தில் நின்றாள், தாண்டிப் போய்விட்டாள், தெரியவே இல்லை.

திரும்பி வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நூலு தப்பா எடுத்துட்டேன்கா. கடைக்காரரு அப்பவே சொன்னாரு, இது கெட்டி நூலுன்னு. கணக்குப் போட்டுப் பாத்தேன், உப்பு எவ்வளவு, எத்தன நாளு, எல்லாம் எழுதி வச்சேன். நாப்பதாவது நாள் பாதி விழணும். ஒண்ணுகூட விழல. உங்கமேல ஒரு தப்பும் இல்ல, நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

பட்டீஸ்வரி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ரயில்ல முழுக்க யோசிச்சேன். இன்னைக்கே கழட்டிருவோம். வேற யாருக்காவது இடத்தக் கொடுக்கட்டும். இனி இந்த மாதிரி வேலை எடுக்கிறதா வேண்டாமான்னே தெரியல. வீட்ல டீச்சர் டிரெய்னிங் போன்னு சொல்லிட்டே இருக்காங்க."

முடிந்தது. தப்பித்தாயிற்று. யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை, தப்புகூட வேறு ஒருத்தி தலையில் போய் உட்கார்ந்துகொண்டது, அதுவும் தானாகவே. பட்டீஸ்வரி செய்ய வேண்டியதெல்லாம் பெருமூச்சு விட்டு, போனாப் போவுது கண்ணு, டீ சாப்படறீங்களா என்று கேட்பதுதான். கேட்பதற்காக வாயைத் திறந்தாள். பெனிட்டா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த பிறகும் துடைத்தாள். கெட்டி நூலாம்! எது கெட்டி நூல்? மட்ட ரகம், கையில் பிடித்ததுமே தெரிந்தது. கணக்குச் சரியாகத்தானே போட்டிருக்கிறாள், மூன்றாம் நாளே நாலு விழுந்ததே, நாற்பதாம் நாள் பாதிதானே விழுந்திருக்க வேண்டும், கோன் முக்கால்வாசி தீர்ந்துவிட்டதே! சரியாகச் செய்த வேலையைத் தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை போய் டீச்சர் டிரெய்னிங் படிக்கிறதா?

"நூலு மேல பழி போடாதீங்க கண்ணு" என்று அவள் குரல் சொல்வது அவளுக்கே தூரத்தில் கேட்டது. "விழுந்துது. தெனமும் விழுந்துது. நான்தான் எடுத்து எடுத்துக் கட்டினேன்."

"என்னது?"

"கட்டினேன். முடிச்சுப் போட்டு."

"முடிச்சா? நான் பாத்தேனே, ஒரு முடிச்சும் இல்லியே."

"இருக்குது."

"எக்கா, என்னச் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்லாதீங்க."

அதற்கு மேல் பட்டீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. செய்த திருட்டை நம்பமாட்டேன் என்றால் எந்தத் திருடனுக்குத்தான் ரோஷம் வராது? எழுந்து போய், பக்கத்து நூலைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். அறுந்தது. நட்டு தட்டில் விழுந்தது, ணங். அந்தச் சத்தம் ஷெட்டின் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பெனிட்டா எழுந்து நின்றுவிட்டாள். பட்டீஸ்வரி கோனிலிருந்து நூலை உருவினாள், விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வந்தன, பல்லால் ஒரு கடி, நட்டு மறுபடி தொங்கியது. ஒருவர் மூக்கைச் சிந்துகிற நேரம்கூட ஆகவில்லை.

பெனிட்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போய் நூலைப் பார்த்தாள். விரலால் தடவினாள். அப்புறம் அவளையே பார்த்தாள். முகம் சிவந்தது. இதோ, வரப்போகிறது என்று பட்டீஸ்வரி இடுப்புச் சாவியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எத்தன இப்படி?"

"ஒரு... அறநூறு இருக்கும் கண்ணு."

"அறுநூறா? பாதி!" என்று அந்தப் பெண் கத்தினாள். "அப்ப கணக்கு சரி! எக்கா, என் கணக்கு சரிக்கா!" கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை போல, இரண்டும் ஒன்றாக வந்தது. "உங்கள என்னதான் செய்ய! பதினஞ்சு நாளா நான் தூங்கல, தெரியுமா? ஒரு ஃபோன் பண்ணி விழுதுன்னு சொல்லியிருந்தா..."

"வேலைய உட்டுத் தூக்கிருவீங்கன்னு பயந்துட்டேன்."

"தூக்கணும்தான். உங்களத் தூக்கிட்டா இந்த அறுநூறையும் எனக்கு யாரு கண்டுபிடிச்சுத் தருவா?"

வேறு வழி இல்லை. புது நூலில் உப்பு இல்லை, அது பத்தொன்பது நாளில் அறாது. கண்ணுக்குத் தெரியாத முடிச்சை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேபியிடமிருந்து ஒரு வாளியும், ரோட்டோரக் கடையிலிருந்து இரண்டு படி கல்லுப்பும் வந்தன. பட்டீஸ்வரி முன்னால் நடந்தாள், ஒவ்வொரு நூலையும் இரண்டு விரலால் நீவி, இது என்னுது, இது உங்களுது, இது என்னுது என்று சொல்லிக்கொண்டே போனாள். பெனிட்டா பின்னால் உப்புத் தண்ணீரும் தூரிகையுமாக வந்தாள். தான் கட்டியதற்குத் தானே நாள் குறிப்பது முதல் இருபதுக்குச் சங்கடமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, நாற்பதுக்கு மேல் ஒரு வேகமும் வந்துவிட்டது. கொஞ்சம் தாராளமா வையுங்க கண்ணு, அந்த மூலை வெயிலே வராது, நாள் கூட எடுக்கும் என்று அவளே யோசனையும் சொன்னாள். இனிமேல் எது விழுந்தாலும் பெஞ்சை விட்டு எழக்கூடாது என்று பெனிட்டா சத்தியம் கேட்டாள். சத்தியமெல்லாம் எதுக்குங்க, நான் என்ன கொழந்தையா என்றாள் பட்டீஸ்வரி.

பத்து மணிக்கு வந்த முதல் ஆட்கள் வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கடைசி வரிசையில் எங்கோ, யாரும் தொடாமல், ஒரு நட்டு விழுந்தது. ணங். கூட்டம் அப்படியே நின்றது. பின்னால் யாரோ ஒரு பெண், "ஐயோ" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பட்டீஸ்வரிக்குக் கால் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மணிக்கட்டை ஒரு ஈரக் கை இறுக்கிப் பிடித்தது.

"எக்கா. விடுங்க."

"நான் எங்கீங்க புடிச்சேன்? நீங்கதான் என் கையப் புடிச்சிட்டிருக்கீங்க" என்றாள் பட்டீஸ்வரி, அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு. "உடாதீங்க கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுக்குங்க."